15 வயதில் புனிதராக முடியுமா? இளையோரும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ, கார்லோ அக்குதிஸ் என்ற 15 வயதுப் பையனைப் புனிதராக அறிவித்தார். அதற்கடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் என்னால் பாடம் எடுக்கவே முடியவில்லை. வழக்கமாக வாயே திறக்காத பிள்ளைகள்கூட அன்று கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். பூசை முடிந்து கூட்டிப்போக வந்த பெற்றோரும் சேர்ந்துகொண்டார்கள். அன்று கேட்டவற்றையும், அதற்கு முன்பும் பல ஆண்டுகளாக என் காதில் விழுந்தவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். நான் துறவியோ இறையியல் படித்தவளோ அல்ல. 9ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளோடு ஞாயிறு தோறும் உட்காருகிற ஒரு மறைக்கல்வி ஆசிரியை.

பதின்வயதுப் புனிதர்கள் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

ஏறத்தாழ 13 வயதிலிருந்து 19 வயதுக்குள் இறந்தவர்களை. திருச்சபையின் தொடக்க நாட்களிலிருந்தே இவர்கள் இருக்கிறார்கள். உரோமையில் கொல்லப்பட்ட ஆக்னஸுக்கு 12 அல்லது 13 வயது. 1431இல் பிரான்சில் ரூவான் நகரில் எரிக்கப்பட்ட ஜோன் ஆஃப் ஆர்க்குக்கு 19. போலந்துக்காரர் ஸ்தனிஸ்லாஸ் கோஸ்த்காவுக்கு 17. பிலிப்பைன்ஸிலிருந்து உபதேசியாராகப் போய் 1672இல் குவாம் தீவில் உயிர்விட்ட பெத்ரோ கலுங்சோத்துக்கும் ஏறக்குறைய அதே வயது. உகாண்டாவின் கிசிட்டோ, மெக்சிகோவின் ஹோசே சான்செஸ் தெல் ரியோ, இத்தாலியின் தோமினிக் சாவியோ மூவருக்கும் 14. மரிய கொரற்றிக்கு 12 கூட நிறையவில்லை, ஆனாலும் இந்த வரிசையில்தான் அவரையும் சொல்வது வழக்கம்.

18 வயதில் இறந்த கியாரா லூச்சே பதானோ இன்னும் புனிதர் அல்ல. 2010இல், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளராக உயர்த்தப்பட்டவர். ஆனால் என் வகுப்பில் பிள்ளைகள் மறுபடி மறுபடி கேட்பது அவருடைய கதையைத்தான் என்பதால் அவரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

நம் ஊரில் இளையோரின் பாதுகாவலர் என்றால் ஞானப்பிரகாசியார் நினைவுக்கு வருவார். உரோமையில் கொள்ளைநோயாளிகளைத் தூக்கிச் சுமந்து, அதே நோயில் 1591இல் இறந்தபோது அவருக்கு 23 வயது. அதனால் இந்தப் பக்கத்தில் அவருக்கு இடம் கொடுக்க முடியவில்லை.

"எல்லாருமே சின்ன வயசுல செத்துப்போனவங்க. அதனாலதான் புனிதர் ஆனாங்களா மிஸ்?"

10ஆம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டது. அவன்மேல் தவறில்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்த விதம் அப்படி. நவநாள் புத்தகத்தைத் திறந்தால் பாதிப் பக்கம் மரணப்படுக்கை. சுரூபத்தைப் பார்த்தால் கையில் லீலிப் பூ, வானத்தைப் பார்க்கும் கண்கள். பிள்ளை என்ன நினைக்கும்? நல்லவனாக இருந்தால் சீக்கிரம் போய்விடுவோம் என்றுதானே நினைக்கும்?

விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட மறைசாட்சிகளின் கதை வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். நோயில் இறந்த ஒருவரைப் பற்றித் திருச்சபை விசாரிக்கும்போது அவர் எந்த வயதில் போனார் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. விசுவாசம், நம்பிக்கை, அன்பு, விவேகம், நீதி, திடம், அளவடக்கம் ஆகியவற்றை அவர் வீரத்துவமாகக் கடைப்பிடித்தாரா என்றுதான் பார்க்கிறார்கள். கூடப் படித்தவர்கள், வீட்டில் வேலை செய்தவர்கள், ஆசிரியர்கள், உறவினர்கள் என்று எத்தனையோ பேரிடம் சாட்சியம் வாங்குகிறார்கள். அதாவது அவர்கள் தேடுவது, அந்தப் பிள்ளை ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருந்தது என்பதை. கார்லோ நோய் கண்டு மருத்துவமனையில் கிடந்தது சில நாட்களே. மற்ற 15 ஆண்டுகளும் வீடு, பள்ளிக்கூடம், கோவில், தெருமுனை என்றே கழிந்தன. அவர் 80 வயது வரை இருந்திருந்தாலும் அப்படியே வாழ்ந்திருப்பார் என்பதுதான் விசாரித்தவர்கள் கண்டது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மனம் சோர்ந்திருக்கும் ஒரு பிள்ளை இந்தக் கதைகளைக் கேட்டு, சாவை ஏதோ அழகான பொருளாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தப் பிள்ளைகள் யாரும் சாவைத் தேடிப் போகவில்லை. கையில் கிடைத்த நாளை ஆசையோடு வாழ்ந்தார்கள்.

கார்லோ அப்படி என்னதான் செய்தார்?

1991 மே 3 அன்று லண்டனில் பிறந்தார், மிலானில் வளர்ந்தார். 7 வயதில் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கியதிலிருந்து நாள்தோறும் பூசைக்குப் போக முயன்றார். பூசையில் பெறும் திருவுணவான நற்கருணையை விண்ணகத்துக்கான நெடுஞ்சாலை என்று சொல்வார். கணினிமேல் பெரிய ஆர்வம். பல்கலைக்கழகப் பாடநூல்களை வைத்துத் தானே நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். அந்தத் திறமையைக் கொண்டு, உலகெங்கும் நடந்ததாகத் திருச்சபை ஏற்ற நற்கருணைப் புதுமைகளை (அற்புதங்களை) தொகுத்து இணையத்தில் ஏற்றினார். நூற்றுக்கும் மேற்பட்ட புதுமைகளைக் கொண்ட அந்தத் தொகுப்பு பின்னர் கண்காட்சியாகப் பல நாடுகளுக்குப் போயிற்று.

இதுவரை எல்லாச் செய்திகளிலும் வந்ததுதான். எனக்கு முக்கியமாகப் படுபவை வேறு. இரண்டாவது ஜோடி ஷூ வாங்கித் தர அம்மா முயன்றபோது, ஒன்று போதும் என்று வாதாடினார். சேர்த்த காசில் தெருவில் படுத்திருந்த ஒருவருக்குத் தூங்கும் பை வாங்கிக்கொடுத்தார். வகுப்பில் கேலி செய்யப்பட்ட பிள்ளைகளின் பக்கம் போய் நின்றார். பெற்றோர் பிரியும் நிலையில் இருந்த நண்பர்களை வீட்டுக்குக் கூட்டி வந்தார். கார்லோவின் வீட்டில் வேலை பார்த்த, மொரீசியஸிலிருந்து வந்த ஓர் இந்து, கார்லோவோடு பேசிப் பழகியதில் தாமே விரும்பித் திருமுழுக்குப் பெற்றார். வேலைக்காரர் என்ற தூரம் வைக்காமல் தன்னோடு பேசிய பையனைப் பற்றி அவர் பின்னாளில் சாட்சியம் சொன்னார்.

நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று நான் வகுப்பில் கேட்டேன். பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அன்றைய பாடம் அங்கேயே நின்றுவிட்டது. வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினேன்.

2006 அக்டோபர் தொடக்கத்தில் காய்ச்சல் என்று படுத்தார். அது கடுமையான இரத்தப் புற்றுநோய். அக்டோபர் 12 அன்று மொன்சாவில் இறந்தார். அவர் விரும்பியபடி அசிசியில் அடக்கம் செய்தார்கள்.

மொபைலில் கேம் விளையாடினால் பாவமா?

இல்லை. கார்லோவிடம் பிளேஸ்டேஷன் இருந்தது. போக்கிமான் பிடிக்கும். தன் நாய்களையும் பூனைகளையும் வைத்து வேடிக்கையாக வீடியோ எடுப்பார். ஆனால் கேம் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் என்று அவரே ஒரு வரம்பு வைத்துக்கொண்டார். கருவி தன்னை ஆளக் கூடாது என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அந்த ஒரு மணி நேரத்தை மற்றவர் அவர்மேல் திணிக்கவில்லை. "கார்லோவைப் பார், நீயும் இருக்கிறாயே" என்று சொல்லிப் போனைப் பிடுங்கினால், பிள்ளைக்குக் கார்லோமேல் வெறுப்புதான் வரும். எங்கள் வகுப்பில் ஒரு பெண், தன் வரம்பைத் தானே எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். வாரம் 5 மணி நேரம். அது அதிகமா என்று கேட்டாள். முன்பு எவ்வளவு என்று கேட்டேன். சிரித்தாள், சொல்லவில்லை.

"பாவம் செய்வதைவிடச் சாவதே மேல்" என்று சாவியோ சொன்னார். அது பிள்ளைகளைப் பயமுறுத்தாதா?

தனியே பிடுங்கி எடுத்தால் பயமுறுத்தும். 1849 உயிர்ப்புத் திருநாளில், 7 வயதில், சாவியோ புதுநன்மை வாங்கினார். அந்தக் காலத்தில் பிள்ளைகள் இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இவருக்கு மறைக்கல்வி நன்றாகத் தெரிந்திருந்ததால் பங்குத்தந்தை அனுமதித்தார். அன்று அவர் எழுதியது நான்கு தீர்மானங்கள். அடிக்கடி பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்குவேன். திருநாட்களைப் புனிதமாகக் கடைப்பிடிப்பேன். என் நண்பர்கள் இயேசுவும் மரியாவும். சாவே வந்தாலும் பாவம் வேண்டாம். நாம் நான்காவதை மட்டும் பேனரில் அச்சடித்துவிட்டு மூன்றாவதை மறந்துவிடுகிறோம். நண்பனைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று ஒரு சிறுவன் சொல்கிற சொல் அது. அந்த நட்பு தெரியாத பிள்ளையிடம் நான்காவது தீர்மானத்தைக் கொடுத்தால் அச்சம் மட்டும்தான் மிஞ்சும்.

சாவியோவின் அப்பா கொல்லர், அம்மா தையல் வேலை செய்தவர். 1854 அக்டோபரில், பின்னாளில் சலேசிய சபையை நிறுவிய குருவான தொன் போஸ்கோவைச் சந்தித்தபோது, நான் துணி, நீங்கள் தையற்காரர், ஆண்டவருக்கு ஒரு நல்ல உடுப்பு தைத்துவிடுங்கள் என்றார். அம்மாவின் ஊசியையும் நூலையும் பார்த்து வளர்ந்த பிள்ளையின் பேச்சு அது.

தூரினில் தொன் போஸ்கோவின் விடுதியில் சேர்ந்த பிறகு, புனிதராவது எளிது என்று ஒரு மறையுரை கேட்டார். அது அவரை உலுக்கிவிட்டது. எப்படி ஆவது என்று தெரியாமல் முகம் வாடி, விளையாட்டைவிட்டு ஒதுங்கினார். படுக்கையில் கல்லும் மரத்துண்டும் போட்டுப் படுத்தார். கடுங்குளிரில் மெல்லிய போர்வை மட்டும் போர்த்தினார். இதைக் கண்டுபிடித்த தொன் போஸ்கோ எல்லாவற்றையும் தடுத்தார். மகிழ்ச்சியாக இரு, உன் கடமையைச் செய், நண்பர்களோடு விளையாடு, குளிரும் வெயிலும் தானாக வரும்போது பொறுத்துக்கொள், அது போதும் என்றார். சாவியோ கேட்டுக்கொண்டார். பிறகு புதிதாக வந்த ஒரு மாணவனிடம், இங்கே நாங்கள் புனிதமாக இருப்பது என்றால் மிகவும் மகிழ்ச்சியாக இருப்பதுதான் என்று சொன்னார்.

இந்த இடத்தை வகுப்பில் நான் அவசரப்படாமல்தான் சொல்வேன். தவக்காலத்தில் காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, பள்ளியில் மயங்கி விழுகிற பெண்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பக்தி என்று நினைத்து வீட்டில் யாரும் தடுப்பதில்லை. தடுக்கிற பெரியவர் ஒருவர் வேண்டும். சாவியோவைப் புனிதராக்கியதில் அந்தத் தடைக்கும் பங்கு உண்டு.

அவர் கோழையும் அல்ல. இரண்டு பையன்கள் குடும்பங்களைப் பற்றிய பேச்சில் சண்டை முற்றி, கல்லெறிந்து தீர்த்துக்கொள்ள வெளியே போனார்கள். சாவியோ நடுவில் போய் நின்று, பாடுபட்ட சுரூபத்தை (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தை) தூக்கிக் காட்டி, முதல் கல்லை என்மேல் எறியுங்கள் என்றார். சண்டை நின்றது. இன்னொரு முறை, வகுப்பின் அடுப்புக்குள் பனியும் கல்லும் போட்டதாக அவர்மேல் பழி வந்தபோது வாய் திறக்காமல் திட்டு வாங்கிக்கொண்டார். செய்தவர்கள் யாரென்று பிறகுதான் தெரிந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நின்றார், பொறுக்க வேண்டிய இடத்தில் பொறுத்தார்.

1857 மார்ச் 9 அன்று இறந்தார். 1954இல் புனிதரானார். 1906இல் சலேசியர்கள் இந்தியாவில் முதன்முதலாக வந்து பணி தொடங்கிய ஊர் நம் தஞ்சாவூர். நம் பிள்ளைகள் பலர் சாவியோ என்ற பெயரோடு திரிவதற்கு அந்தத் தொடர்பும் ஒரு காரணம்.

"எனக்குப் படிப்பு ஏறல. நானெல்லாம் எங்க புனிதராகுறது?"

கியாரா பதானோவும் ஒரு வகுப்பில் தேறாமல் மறுபடி படித்தவர்தான். உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டு அது. அழுதார், அவமானப்பட்டார், ஆனால் அதோடு முடங்கிவிடவில்லை.

1971இல் வட இத்தாலியின் சசெல்லோ என்ற சிற்றூரில் பிறந்தார். 11 ஆண்டுகள் பிள்ளைக்காகக் காத்திருந்த பெற்றோருக்கு ஒரே மகள். டென்னிஸ், நீச்சல், பாட்டு என்று துள்ளிக்கொண்டிருந்த பெண். டென்னிஸ் ஆடும்போது தோளில் வந்த வலி, எலும்புப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை தொடங்கிய ஒரு நாள், வீடு திரும்பியதும், "இப்ப ஒன்னும் கேட்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் போய் விழுந்தார். அம்மா பக்கத்திலேயே பேசாமல் உட்கார்ந்திருந்தார். 25 நிமிடம். பிறகு திரும்பிப் பார்த்து, "இப்ப பேசலாம்" என்று சிரித்தார்.

அந்த 25 நிமிடத்தில் அவருக்குள் என்ன போராட்டம் நடந்தது என்று யாரும் எழுத முடியாது. ஆனால் போராட்டம் நடந்தது. கடவுளுக்கு "சரி" சொல்ல அவருக்கும் நேரம் பிடித்தது. உடனே சொல்ல முடியாத பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செய்தி என்னிடம் இல்லை. இன்னொன்றும்: அந்த அம்மா இடையில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நம்மால் முடியுமா?

1990 அக்டோபர் 7 அன்று இறந்தார். அம்மாவிடம் கடைசியாகச் சொன்னது, நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன், நீங்களும் மகிழ்ச்சியாக இருங்கள் என்பது.

மரிய கொரற்றியைப் பெண்பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

மிகுந்த கவனத்தோடு. என்னிடம் தனியே வந்து ஒரு பெண் கேட்டாள்: "மரிய கொரற்றி செத்தாலும் பரவாயில்லைன்னு எதிர்த்தாங்க. எதிர்க்க முடியாதவங்க பாவிங்களா மிஸ்?" அன்று முதல் இந்தக் கதையை நான் பழைய மாதிரி சொல்வதில்லை.

நடந்தது இது. மரியாவின் குடும்பம் இத்தாலியில் நிலமில்லாத விவசாயக் குடும்பம். அப்பா மலேரியாவில் இறந்தார். அம்மா வயலுக்குப் போக, மரியா வீட்டையும் தம்பி தங்கைகளையும் பார்த்துக்கொண்டாள். அதே வீட்டில் குடியிருந்த அலெஸ்ஸாந்திரோ என்ற 20 வயது இளைஞன் அவளைத் தொந்தரவு செய்தான். வெளியே சொன்னால் கொன்றுவிடுவேன் என்று மிரட்டினான். 1902 ஜூலை 5 அன்று அவள் மறுத்தபோது 14 முறை குத்தினான். மறுநாள், அவனை மன்னிக்கிறேன், அவனும் விண்ணகத்தில் என்னோடு இருக்க வேண்டும் என்று சொல்லி இறந்தாள்.

இதிலிருந்து பிள்ளைகளிடம் நான் தெளிவாகச் சொல்பவை: குற்றம் முழுவதும் அவனுடையது. ஒரு பெண்ணையோ ஒரு பையனையோ யாராவது வன்முறையால் தொட்டால், தொடப்பட்டவரிடம் பாவம் இல்லை, தூய்மையும் போகவில்லை. இது புதிதாக யாரும் கண்டுபிடித்த கருத்து அல்ல. 410இல் உரோமை சூறையாடப்பட்டபோது சீரழிக்கப்பட்ட பெண்களைப் பற்றிப் புனித அகுஸ்தினார் இதையே எழுதினார்: உள்ளம் இசையாதபோது, உடலுக்குச் செய்யப்பட்ட கொடுமை கற்பைப் பறிக்காது. மரியா கொல்லப்பட்டதால் புனிதர். உயிர் தப்பியிருந்தால், அவன் நினைத்தது நடந்தே இருந்தாலும், கடவுள் முன் அவள் அதே மரியாதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். அவன் மிரட்டியபோது அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுப் பாரமெல்லாம் தலையில் இருந்த சிறுமி, அம்மாவுக்கு இன்னொரு கவலை வேண்டாம் என்று மறைத்திருக்கலாம். நீங்கள் மறைக்காதீர்கள். அம்மா, ஆசிரியை, நம்பிக்கையான ஒரு பெரியவர் என்று யாரிடமாவது சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். தவறு செய்தவர் சொந்தக்காரராக இருந்தாலும், கோவிலில் மதிக்கப்படுபவராக இருந்தாலும், பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். மன்னிப்பு என்பது காவல் நிலையத்துக்குப் போகாமல் இருப்பது அல்ல. அலெஸ்ஸாந்திரோ 27 ஆண்டுகள் சிறையில் இருந்தான். மனம் மாறியதும் அங்கேதான். வெளியே வந்து மரியாவின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டான், அவரும் மன்னித்தார். தண்டனையும் நடந்தது, மன்னிப்பும் நடந்தது.

விசுவாசத்துக்காகச் சாக வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்களா?

இல்லை. சாட்சியாக வாழச் சொல்லிக்கொடுக்கிறோம். சாவு வந்தது கொன்றவர்களால்.

இன்றைய உகாண்டாவில் உள்ள புகாண்டா நாட்டின் அரசன் முவாங்கா, அரண்மனையில் பணிசெய்த சிறுவர்களைத் தன் இச்சைக்கு அழைத்தான். அவர்களுக்குத் தலைவராக இருந்த சார்லஸ் லுவாங்கா சிறுவர்களைக் காத்தார். அவர்களில் மிக இளையவர் கிசிட்டோ. சாவு நெருங்குகிறது என்று தெரிந்த நாட்களில் லுவாங்காவே கிசிட்டோவுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். 1886 ஜூன் 3 அன்று நமுகோங்கோவில் அவர்களை எரித்தார்கள். அந்தக் கொடுமையில் உயிர்விட்ட 22 கத்தோலிக்கரை 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புனிதர்களாக அறிவித்தார். அதே கொடுமையில் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த இளைஞர்களும் உயிர்விட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஹோசேயின் கதையில் பெற்றோர் தயங்குவது எனக்குப் புரிகிறது. மெக்சிகோ அரசு திருச்சபையை ஒடுக்கியபோது ஆயுதம் ஏந்திய கிறிஸ்தெரோக்களோடு சேர்ந்தவர் அவர். ஆனால் 2016இல் திருச்சபை புனிதர் பட்டம் கொடுத்தது போருக்கு அல்ல. பிடிபட்ட 14 வயதுச் சிறுவனின் பாதங்களின் அடித்தோலை அறுத்து, கல்லறைத் தோட்டம் வரை நடக்கவைத்து, கிறிஸ்துவை மறுத்தால் விட்டுவிடுவோம் என்றார்கள். அவர் மறுக்கவில்லை. அந்த இடம்தான் நாம் நினைவுகூர்வது.

வீட்டில் எதிர்த்தால்? ஸ்தனிஸ்லாஸ் ஓடிப்போனாரே?

ஓடித்தான் போனார். வியன்னாவில் அண்ணன் பவுலோடு தங்கிப் படித்தபோது, அண்ணன் கேலி செய்தார், அடித்தார். இயேசு சபையில் சேர அப்பாவின் அனுமதி கிடைக்காது என்று தெரிந்ததும், நடந்தே ஜெர்மனிக்குப் போய் அங்கிருந்து உரோமைக்குப் போனார். 1567இல் சபையில் சேர்ந்து அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று இறந்தார்.

இன்றைக்கு 17 வயதுப் பிள்ளை அப்படிக் கிளம்பினால் எந்தச் சபையும் சேர்த்துக்கொள்ளாது, சேர்க்கவும் கூடாது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, கூடப் பிறந்தவனே கேலி செய்தபோதும் அவர் கசந்துபோகவில்லை என்பதை. அந்த அண்ணன் பிற்காலத்தில் மனம் வருந்தி, தம்பி சேர்ந்த அதே சபையில் தானும் சேர விரும்பினார்.

கார்லோவின் உடல் அழியாமல் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

தவறு. கல்லறையைத் திறந்தபோது உடல் இயல்பான மாற்றங்களோடுதான் இருந்தது என்று அசிசி மறைமாவட்டமே அறிவித்தது. நாம் படங்களில் பார்க்கும் முகம் சிலிக்கோனில் வடித்தது. ஜீன்ஸும் ஷூவும் அணிவித்து மரியாதையாக வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து இந்தச் செய்தியை இனி பரப்ப வேண்டாம். பிள்ளைகள் ஒருநாள் உண்மையைத் தேடிப் பார்ப்பார்கள். அப்போது நாம் சொன்ன மற்றவற்றையும் சந்தேகப்படுவார்கள்.

அவர் பணக்கார வீட்டுப் பையன். கஷ்டப்படும் பிள்ளைகளுக்கு எப்படி எடுத்துக்காட்டாவார்?

நியாயமான கேள்வி. கார்லோவின் வீட்டில் வசதி இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. வசதி உள்ள பிள்ளைகளுக்கு அவர் அதிகமாகப் பேசுகிறார் என்பேன்: இருப்பதை வைத்து என்ன செய்கிறாய் என்று. அம்மா வேலைக்குப் போக, தம்பியைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடிவரும் பெண்ணுக்குக் கார்லோவைவிட மரிய கொரற்றி நெருக்கமானவள். தினமும் பல கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குப் போகும் பையனுக்கு, 10 வயதில் அப்படியே நடந்த சாவியோ இருக்கிறார். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே புனிதரைக் காட்டத் தேவையில்லை.

கார்லோவுக்கு 19 ஆண்டுகளில் பட்டம், மற்றவர்களுக்கு ஏன் அவ்வளவு காலம்?

சாவியோவுக்கு 97 ஆண்டு. ஸ்தனிஸ்லாஸுக்கு 158. நம் மறைசாட்சி தேவசகாயம் பிள்ளைக்கு 1752இலிருந்து 2022 வரை 270 ஆண்டு. சாட்சியங்கள் சேர்வது, ஆவணங்களைச் சரிபார்ப்பது, யாராவது தொடர்ந்து முயல்வது எல்லாம் வேண்டும். மறைசாட்சி அல்லாதவருக்கு அருளாளர் பட்டத்துக்கு ஒரு புதுமையும், புனிதர் பட்டத்துக்கு இன்னொன்றும் வேண்டும். கார்லோவுக்கு முதலாவது, பிறவியிலேயே கணையக் கோளாறு இருந்த பிரேசில் சிறுவன் குணமானது. இரண்டாவது, பிளாரன்ஸில் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்ட கோஸ்டா ரிக்கா நாட்டு மாணவி பிழைத்தது. அந்த மாணவியின் அம்மா அசிசியில் கார்லோவின் கல்லறைக்குப் போய் மன்றாடினார்.

சாவியோவிடம் வேண்டினால் மார்க் வருமா?

படித்தால் வரும். வேண்டுவது, படிக்க மனம் ஒன்றவும் தேர்வில் பதற்றம் குறையவும். தோற்றால் கியாராவிடமும் பேசலாம்.

என் பிள்ளையை இப்படி வளர்க்க நான் என்ன செய்ய வேண்டும்?

கார்லோவின் அம்மா தம்மைப் பற்றிச் சொல்வதைக் கேளுங்கள். புதுநன்மை, உறுதிப்பூசுதல், திருமணம் ஆகிய மூன்றைத் தவிர அவர் பூசைக்குப் போனதில்லை. வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட போலந்துப் பெண்தான் முதலில் செபம் சொல்லிக்கொடுத்தார். கோவிலைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே போக வேண்டும் என்று சிறுவன் கையைப் பிடித்து இழுப்பான். அவன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் அம்மா தாமே படிக்கத் தொடங்கினார். பிள்ளைதான் அம்மாவைக் கோவிலுக்குக் கொண்டுவந்தது.

ஆகவே நான் பெற்றோரிடம் கேட்பது ஒன்றுதான்: பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், இருவரும் சேர்ந்து தேடுங்கள். "பெரிய சாமியாராட்டம் பேசுறான்" என்று உறவினர் முன் கேலி செய்யாதீர்கள். அந்தக் கேலியோடு பல பிள்ளைகள் வாய் மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்கலாம்?

ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், ஒருவரை மட்டும். அவருடைய திருநாளைக் காலண்டரில் குறியுங்கள்: சாவியோவுக்கு மே 6, கிசிட்டோவுக்கும் தோழர்களுக்கும் ஜூன் 3, மரிய கொரற்றிக்கு ஜூலை 6, கார்லோவுக்கு அக்டோபர் 12, கியாராவுக்கு அக்டோபர் 29. அந்த நாளுக்குள், அவர் இறந்ததைப் பற்றி அல்ல, உயிரோடு இருந்தபோது செய்த ஒரே ஒரு காரியத்தைக் கண்டுபிடித்து எழுதுங்கள். எங்கள் வகுப்பில் அடுத்து எடுக்கப்போவது கிசிட்டோ. பையன்கள் உகாண்டா வரைபடம் வரைந்து கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் வேலை செய்யும் அக்காவின் பெயரைக் கேட்டுக்கொண்டு வராத நான்கு பேர் அதையும் கொண்டுவர வேண்டும்.